தபால்தலையில் விஞ்ஞானிகள்: மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு யோசனை வேண்டும்

திண்டிவனத்தான்:

வணக்கம். எனக்கும் தபால்தலைக்கும் உள்ள உறவு, அப்பா போன பிறகு பரணிலிருந்து இறக்கிய ஒரு பழைய ஆல்பத்தோடு சரி. அரிசி மண்டியில் கணக்கெழுதினவர், மண்டிக்கு வரும் கடிதங்களிலிருந்து கிழித்துக் கிழித்து ஒட்டி வைத்திருக்கிறார். நான் சின்ன வயதில் அதைத் தொட்டாலே முதுகில் ஒன்று விழும், அதனால் எனக்கு அதன் மேல் ஆசையும் வரவில்லை.

இப்போது விஷயம் என்னவென்றால், மகள் எட்டாம் வகுப்பு. பிப்ரவரி 28 அறிவியல் நாளுக்குப் பள்ளியில் கண்காட்சி. மற்ற பிள்ளைகள் எரிமலை, காற்றாலை, சொட்டு நீர்ப் பாசனம் என்று வழக்கமானதைச் செய்ய, இவள் மட்டும் "தாத்தா ஸ்டாம்ப்பில் இருக்கிற விஞ்ஞானிகளை வைத்துச் செய்கிறேன்" என்று டீச்சரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். டீச்சரும் சரி என்றுவிட்டார், ஆனால் "சும்மா வரிசையாக ஒட்டி பெயர் எழுதினால் மதிப்பெண் கிடையாது, ஏதாவது சொல்ல வேண்டும்" என்று ஒரு நிபந்தனை.

ஆல்பத்தில் இருப்பவை: ராமானுஜன் இரண்டு, சர் சி.வி. ராமன் ஒன்று, ஹோமி பாபா, விக்ரம் சாராபாய், ஐன்ஸ்டைன் ஒரு ரூபாய், மேரி க்யூரி 20 பைசா, மார்க்கோனி 2 ரூபாய். வெளிநாட்டு ஸ்டாம்ப்பும் கொஞ்சம் உண்டு, யாரென்று தெரியாத தாடிக்காரர்கள். என் கேள்விகள் மூன்று. இதை வைத்து என்ன சொல்லலாம்? இன்னும் எவை வாங்கினால் நன்றாக இருக்கும்? அப்புறம், அப்பா எல்லாவற்றையும் மைதாப் பசையால் ஒட்டியிருக்கிறார், நேற்று ஒரு ராமானுஜனைப் பிளேடால் எடுக்கப் பார்த்தேன், பின்பக்கத் தாள் பாதி ஆல்பத்திலேயே நின்றுவிட்டது. மிச்சத்தை எப்படிக் காப்பாற்றுவது?

---

பழைய_ஆல்பம்:

தம்பி, முதலில் அந்தப் பிளேடைத் தூக்கிப் போடுங்கள். மூன்றாவது கேள்விக்கு முதல் பதில். ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும் பக்கத்தை அப்படியே சுற்றி வெட்டி எடுத்து, அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விடுங்கள். அரை மணி நேரத்தில் தானாக நழுவி வரும், வராவிட்டால் இன்னும் அரை மணி, இழுக்கவே கூடாது. மைதாப் பசை வழுவழுப்பாகப் பின்னால் நிற்கும், அதை விரல் நுனியால் தண்ணீருக்குள்ளேயே தடவி எடுங்கள். பிறகு மை ஒட்டாத வெள்ளைத் தாளில் குப்புறப் போட்டுக் காயவைத்து, தடிமனான புத்தகத்துக்குள் ஒரு ராத்திரி. ஆல்பத் தாள் கலர் தாளாக இருந்தால் அதன் சாயம் இறங்கி ஸ்டாம்ப்பில் ஏறிவிடும், அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனித் தண்ணீரில். மறுபடியும் பசை போடாதீர்கள். ஹிஞ்ச் என்று சின்னச் சின்ன ஒட்டுத்தாள் கிடைக்கும், யூஸ்டு ஸ்டாம்ப்புக்கு அது போதும். முத்திரை விழாத மின்ட் ஸ்டாம்ப்புக்கு அதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

இரண்டாவது, பாதி கிழிந்த ராமானுஜனைத் தூக்கி எறிய வேண்டாம். முகம் நன்றாக இருந்தால் கண்காட்சிக்கு அது தாராளமாகப் போதும், குழந்தை ஏலம் விடப் போவதில்லை.

என்ன சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு ஃபிரேம் என்றால் ஏ4 தாள் 16, நாலுக்கு நாலு. பதினாறு தாளிலும் பதினாறு முகம் வைத்தால் பார்க்கிறவர் மூன்றாவது முகத்திலேயே நகர்ந்துவிடுவார். உங்களிடம் இருப்பதை வைத்தே ஒரு சங்கதி சொல்லலாம்: ஒரு நாடு எப்போது யாரை நினைக்கிறது என்பது. பாபா 1966 ஜனவரி 24 அன்று விமான விபத்தில் இறந்தார், ஆகஸ்ட் 4 அன்றே ஸ்டாம்ப் வந்துவிட்டது. ராமன் 1970 நவம்பர் 21 அன்று போனார், சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில் ஸ்டாம்ப். சாராபாய் 1971 டிசம்பர் 30, அவருக்கும் அதே மாதிரி 1972 டிசம்பர் 30. மூன்று பேருக்கும் ஒரு வருடத்துக்குள் கணக்கு முடிந்தது. ராமானுஜனோ 1920இல் இறந்தவர், அவர் காத்திருந்தது 1962 வரை. 75ஆவது பிறந்தநாளுக்கு, டிசம்பர் 22 அன்று வந்ததுதான் உங்களிடம் இருப்பது. அதில் 15 என்ற எண் பக்கத்தில் 'ந.பை.' என்று இந்தியில் இருக்கும், நயா பைசா. 1957 ஏப்ரலில் தசமக் காசு வந்ததிலிருந்து 1964 வரைதான் அந்த 'நயா' ஒட்டிக்கொண்டிருந்தது, அப்புறம் வெறும் பைசா. தேதி இல்லாத பழைய ஸ்டாம்ப்பின் வயதைச் சொல்ல எனக்கு இன்னமும் உதவுகிற அடையாளம் இது.

சுதந்திர இந்தியாவில் முதலில் வந்த முகம் காந்தி, 1948 ஆகஸ்ட் 15, நாலு ஸ்டாம்ப், சுவிட்சர்லாந்தில் அச்சடித்து வாங்கினார்கள். (கதர் உடுத்தியவருக்கு வெளிநாட்டு அச்சு என்று அப்போதே கிண்டல் செய்யாதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.) அடுத்து 1952 அக்டோபரில் கபீர், துளசிதாசர், மீரா, சூர்தாஸ், காலிப், தாகூர் என்று ஆறு பேர், இவை நாசிக்கிலேயே அச்சானவை. ஆறில் ஒருவர்கூடத் தெற்கே இல்லை என்பதை மகள் கவனித்தால் ஒரு தாள் அதற்கும் கொடுக்கலாம். வள்ளுவரும் பாரதியும் 1960இல்தான். விஞ்ஞானிகளில் ஜகதீஷ் சந்திர போஸ் 1958 நவம்பர் 30. உயிரோடு இருக்கும்போதே ஸ்டாம்ப் ஆனவர்களும் உண்டு: 1958இல் பெண் கல்விக்காக உழைத்த மகரிஷி கார்வே, 1960இல் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா. இரண்டு பேருமே நூறு வயதைத் தொட்ட நாளில்.

---

கணக்கு_டீச்சர்:

ராமானுஜன் இரண்டு இருக்கிறது என்றதும் உள்ளே வந்தேன். பாப்பாவிடம் ஒரு சின்ன வேலை கொடுங்கள். 1962 ஸ்டாம்ப்பையும், 2011இலும் 2012இலும் வந்த ராமானுஜன் ஸ்டாம்ப்களையும் பக்கத்தில் வைத்து முகத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பாடப்புத்தகத்தில், கணித மன்றத்துச் சுவரில் இருக்கும் முகத்தையும். எங்கு பார்த்தாலும் அதே ஆள், அதே பார்வை. ஏன் தெரியுமா?

ராமானுஜனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு அவருடைய நல்ல படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1936இல் இந்தியாவுக்கு வந்த வானியற்பியலாளர் சந்திரசேகரிடம் தேடித் தரச் சொல்லியிருந்தார். அவர் சென்னையில் ஜானகி அம்மாளைப் போய்ப் பார்த்தார். அந்த அம்மாளிடம் இருந்தது கணவருடைய பாஸ்போர்ட் படம், 1919இல் ஊர் திரும்புவதற்காக எடுத்தது, நோயோடு இருந்த காலம். நாம் ஐம்பது வருடமாகக் காலண்டரிலும் சிலையிலும் ஸ்டாம்ப்பிலும் பார்க்கிற முகம் பெரும்பாலும் அந்த ஒரு பாஸ்போர்ட் படத்திலிருந்து கிளைத்ததுதான். அந்த அம்மாள் அதை எடுத்து வைத்திராவிட்டால் ஸ்டாம்ப்பில் எதைப் போட்டிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடித் தோன்றும். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன் எழுந்து "அப்போ ஜானகி அம்மாளுக்கு ஸ்டாம்ப் இருக்கா மிஸ்?" என்றான். நான் பாடத்தைத் தொடர்ந்தேன்.

வாங்குவது பற்றி: கணக்கு ஸ்டாம்ப்பில் எனக்குப் பிடித்தது 1971இல் நிகராகுவா போட்ட பத்து. உலகத்தை மாற்றிய பத்துச் சமன்பாடுகள் என்று ஒரு வரிசை. முதல் ஸ்டாம்ப்பில் இருப்பது 1 + 1 = 2. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான். அப்புறம் பித்தாகரஸ், ஆர்க்கிமிடீஸின் நெம்புகோல், நேப்பியரின் மடக்கை, நியூட்டனின் ஈர்ப்பு, மேக்ஸ்வெல், போல்ட்ஸ்மன், ராக்கெட்டுக்கு சியோல்கோவ்ஸ்கி, ஐன்ஸ்டைன், தெ பிராய். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அந்தச் சமன்பாடு எதற்கு உதவுகிறது என்று ஸ்பானிய மொழியில் சின்னக் குறிப்பு அச்சடித்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், மைதாப் பசை மட்டும் வேண்டவே வேண்டாம், பாதி விஷயம் முதுகில் இருக்கிறது.

முகம் இல்லாமல் வேலையைக் காட்டும் ஸ்டாம்ப் என்றால் 1977இல் மேற்கு ஜெர்மனி கணித மேதை காஸுக்குப் போட்டதைப் பாருங்கள், சிக்கலெண் தளம் மட்டும்தான். 1957இல் சுவிட்சர்லாந்து இன்னொரு கணித மேதை ஆய்லருக்குப் போட்டதில் முகமும் உண்டு, அவருடைய வாய்பாடும் உண்டு.

---

சும்மா_கேட்டேன்:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே பேசிக்கொள்கிறேன். ஸ்டாம்ப்பில் வருவது பெருமை என்பதெல்லாம் ஒரு காலம். இப்போது 300 ரூபாய் கட்டினால் பன்னிரண்டு ஸ்டாம்ப்பில் என் மூஞ்சியைப் போட்டுத் தருகிறார்கள், மை ஸ்டாம்ப் என்று. 2020 டிசம்பரில் கான்பூரில் ஒருவர் இரண்டு தாதாக்களின் படத்தைக் கொடுத்துப் பணம் கட்ட, கவுன்டரில் இருந்தவர் யாரென்று தெரியாமல் அச்சடித்துக் கொடுத்து, பெரிய செய்தியாகிவிட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்கு இந்தப் பெருமைப் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது.

இன்னொன்று. இருக்கும் ஆளையும் அப்படியே காட்டுவதில்லை. ஓவியர் ஜாக்சன் பொல்லாக்குக்கு அமெரிக்கா 1999இல் ஸ்டாம்ப் போட்டபோது, மூலப் புகைப்படத்தில் அவர் வாயில் இருந்த சிகரெட்டை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே 1994இல் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனுக்கும் அதே வைத்தியம். குழந்தைகள் கெட்டுப்போவார்களாம். சரி, மார்க்கோனிக்கு நாம் ஏன் ஸ்டாம்ப் போட்டோம்? போஸ் கம்பியில்லாமல் அலை அனுப்பிக் காட்டியதை மறந்துவிட்டா?

---

பழைய_ஆல்பம்:

மறக்கவில்லை. போஸுக்கு 1958இல், மார்க்கோனிக்கு 1974இல், நம்மவருக்குப் பதினாறு வருடம் முன்பே போட்டாகிவிட்டது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலே மகளுக்கு ஒரு நல்ல தாள் கிடைத்துவிட்டது, உங்களுக்கு நன்றி.

மை ஸ்டாம்ப் வேறு, நினைவு ஸ்டாம்ப் வேறு. முன்னதில் ஏற்கெனவே உள்ள ஒரு ஸ்டாம்ப்பின் பக்கத்து வெற்றிடத்தில் உங்கள் படம் அச்சாகிறது, அவ்வளவுதான், பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பது மாதிரி. நினைவு ஸ்டாம்ப்புக்கு ஆலோசனைக் குழு இருக்கிறது, அது பரிந்துரைத்து அமைச்சர் ஒப்புதல் தர வேண்டும், நூற்றாண்டு, நினைவு நாள் என்று ஒரு கணக்கு பார்ப்பார்கள். அந்தக் கணக்கை மீறியும் வரும், கலாம் 2015 ஜூலை 27 அன்று இறந்தார், அக்டோபர் 15 அவருடைய பிறந்தநாளுக்கே ஸ்டாம்ப் வந்துவிட்டது. அரசியல் நுழையாத இடம் என்று நான் சொல்ல மாட்டேன், வருடா வருடம் வருகிற பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் புரியும். ஆனால் 1964இல் ஷேக்ஸ்பியருக்குப் போடும்வரை அரச குடும்பத்தைத் தவிர வேறு ஒரு ஆளின் முகத்தையும் ஸ்டாம்ப்பில் ஏற்றாதவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். நாம் அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே ஒரு நெசவாளியைப் போட்டோம், கபீரை. அந்த விஷயத்தில் நாம் மோசமில்லை.

அரசியல் என்றதும் கோப்பர்நிக்கஸ் நினைவுக்கு வருகிறார். 1923இல் போலந்து அவருக்கு ஸ்டாம்ப் போட்டது, எங்கள் ஆள் என்று. 1943இல், அவர் இறந்து 400 ஆண்டு ஆனபோது, போலந்தைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் நிர்வாகமும் போட்டது, அவர்களும் எங்கள் ஆள் என்று. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னவரை இரண்டு பக்கமும் இழுத்த கதை. 1973இல் 500ஆவது பிறந்த ஆண்டுக்கு இந்தியாவும் ஒரு ரூபாயில் போட்டது, நமக்கு அந்தச் சண்டை இல்லை. உங்கள் தாடிக்காரர்களுக்கு நடுவே சவரம் செய்த முகத்தோடு, தோள்வரை முடி வளர்த்த ஒருவர் இருந்தால் அவராக இருக்கலாம், பாருங்கள்.

---

புதுவைப்_பழசு:

திண்டிவனம் என்றால் பக்கத்து ஊர்தானே! உங்கள் அப்பா மண்டி என்றால் புதுச்சேரிக் கடிதமும் வந்திருக்கும், அதனால் கேட்கிறேன், ஆல்பத்தில் நீல நிறத்தில் ஒரு ஆணும் பெண்ணும் ஆய்வுக்கூடத்தில் நிற்கிற மாதிரி ஒன்று இருக்கிறதா என்று நன்றாகத் தேடுங்கள். உங்களிடம் உள்ள 20 பைசா மேரி க்யூரி 1968இல் இந்தியா போட்டது. அதற்கு முப்பது வருடம் முன்பே எங்கள் ஊரில் மேரி க்யூரி ஸ்டாம்ப் விற்றிருக்கிறது.

1938இல், ரேடியம் கண்டுபிடித்து 40 ஆண்டு ஆனதற்கு, பிரான்ஸும் அதன் குடியேற்ற நாடுகள் எல்லாமும் ஒரே படத்தை வைத்து பியர் க்யூரி, மேரி க்யூரி ஸ்டாம்ப் போட்டன. கியூபாவும் ஆப்கானிஸ்தானும்கூட அந்தப் படத்தை எடுத்துக்கொண்டன. விலைக்கு மேல் ஒரு கூடுதல் தொகை, அது புற்றுநோய் எதிர்ப்புக்குப் போகும். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் எல்லாம் அப்போது பிரெஞ்சு இந்தியா, அதற்கென்று தனி ஸ்டாம்ப், மேலே 'இந்தியாவில் உள்ள பிரெஞ்சுக் குடியேற்றங்கள்' என்று பிரெஞ்சில் போட்டிருக்கும்.

எனக்குப் பிடித்தது அதன் விலை. பாரிஸில் பிராங்க், செனகலில் பிராங்க், எங்கள் ஊரில் மட்டும் 2 பணம் 12 காசு, கூடுதல் 20 காசு. நான் தமிழாக்கிச் சொல்லவில்லை. அந்த ஊர் நாணயமே 'பணம்', 'காசு' தான், பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது ஃபனோன், காஷ் என்று ஆனது. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். கணக்கு டீச்சர் சரிபாருங்கள், 2 பணம் 12 காசு என்றால் ரெண்டரைப் பணம், அதாவது இந்தப் பக்கத்து ஐந்தணா. நோபல் பரிசு இரண்டு தடவை வாங்கின அம்மாள் படத்துக்குக் கீழே நம்ம ஊர்க் காசு, இதைவிட அழகான ஸ்டாம்ப்பை நான் பார்த்ததில்லை, அச்சு ரொம்ப சுமார் என்பது வேறு விஷயம்.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்த பிறகு அந்தத் தனி ஸ்டாம்ப் முடிந்தது. என் பெரியப்பா வீட்டில் ஒரு டப்பா நிறைய இருந்தது, வீடு இடிக்கும்போது எடைக்குப் போட்டுவிட்டார்கள். இருபது வருடம் ஆகிறது, இன்னும் அந்தப் பக்கம் போனால் வயிறு எரிகிறது.

---

வல்வைப்_பெடியன்:

அண்ணை, எங்கள் பக்கம் ஸ்டாம்ப்பை முத்திரை என்றுதான் சொல்வோம், நீங்கள் 'முத்திரை விழாத ஸ்டாம்ப்' என்று எழுதியதைப் படித்து ஒரு நிமிடம் குழம்பிப் போனேன்.

தங்கச்சிக்கு ஒரு முத்திரை நான் சொல்கிறேன். 1971இல் இலங்கை வெளியிட்டவற்றில் ஆறுமுக நாவலரும் ஆனந்த குமாரசுவாமியும் இருக்கிறார்கள். குமாரசுவாமியை எல்லாருக்கும் நடராசர் தத்துவம், கலை வரலாறு என்றுதான் தெரியும், முத்திரையைப் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அவர் படித்தது பாறை, கனிமம் பற்றிய நிலவியல், இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு முதல் இயக்குநர், தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமத்தை இலங்கையில் கண்டெடுத்தவர். ரேடியம் வந்து சில வருடங்களிலேயே நடந்த விஷயம் இது. புதுவை ஐயா சொன்ன க்யூரிக்குப் பக்கத்தில் இவரை வைத்தால் ஒருவரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

அதே மாதிரி விபுலாநந்த அடிகள், 1979 முத்திரை. துறவி, தமிழ்ப் பேராசிரியர் என்பது சரி, ஆனால் மனிசன் லண்டன் பி.எஸ்.சி. பழந்தமிழ் யாழை இசைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்து யாழ் நூல் எழுதினதற்கு அந்தப் படிப்பும் ஒரு காரணம். கலைஞர் ஒரு தாள், விஞ்ஞானி ஒரு தாள் என்று பிரிக்கப் போகிறீர்கள் என்றால் இவர்கள் இரண்டு பேரையும் எங்கே வைப்பது என்று முதலில் யோசியுங்கள். உங்கள் ஊரிலும் கோசாம்பி இருக்கிறார், கணிதமும் வரலாறும், 2008இல் முத்திரை வந்தது.

---

பிப்பெட்:

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன், ஸ்டாம்ப் சேகரிப்பேன் என்று சொல்ல முடியாது, தப்பு உள்ள ஸ்டாம்ப் மட்டும் சேர்ப்பேன். திண்டிவனத்தான் சார், டீச்சர் "ஏதாவது சொல்ல வேண்டும்" என்று கேட்டதற்கு என் பதில் இதுதான்: தப்பைக் காட்டச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பெரியவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதைப் போல ஆனந்தம் வேறு கிடையாது.

2008இல் அமெரிக்கா நான்கு விஞ்ஞானிகளுக்கு 41 சென்ட் ஸ்டாம்ப் போட்டது: பார்டீன், ஹபிள், பாலிங், கெர்ட்டி கோரி. கோரி அம்மாள் 1947இல் மருத்துவ நோபல் வாங்கியவர், அந்தப் பிரிவில் பெண்களில் முதல் ஆள். அவர் பெயராலேயே கோரி எஸ்டர் என்று அழைக்கப்படும் குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டின் அமைப்பைப் படத்தோடு போட்டிருந்தார்கள், அந்த அமைப்பிலேயே பிழை. அப்படியே விற்பனைக்கும் வந்துவிட்டது. பிழை எங்கே என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளியில் பிளஸ் டூ வேதியியல் ஆசிரியர் இருப்பார், பாப்பா அவரிடம் ஸ்டாம்ப்பின் பெரிய படத்தையும் புத்தகத்தையும் கொண்டுபோய்க் காட்டட்டும். அவர் முதலில் திணறினால் இன்னும் நல்லது.

கலை உலகத்திலும் ஒன்று இருக்கிறது. 1956இல் கிழக்கு ஜெர்மனி இசையமைப்பாளர் ஷூமன் இறந்த நூற்றாண்டுக்கு ஸ்டாம்ப் போட்டது, முகத்துக்குப் பின்னால் இசைக் குறிப்புத் தாள். ஜூலையில் வந்தது. பார்த்தவர்களுக்கு அந்தத் தாளில் இருப்பது ஷூமன் இல்லை, ஷூபர்ட் எழுதியது என்று தெரிந்துவிட்டது. சில மாதத்திலேயே, அக்டோபரில், சரியான இசைத் தாளோடு மறுபடி போட்டார்கள். அதனால் இரண்டு ஜோடி கிடைக்கிறது, பக்கத்தில் வைத்தால் குழந்தைகளே வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள். தியாகராஜருக்கு 1961இல் வந்த ஸ்டாம்ப்பில் வேறொருவர் கீர்த்தனையை எழுதிப் போட்டிருந்தால் மயிலாப்பூரில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இது ரொம்பப் பழசு: 1903 செயின்ட் கிட்ஸ் நெவிஸ் ஸ்டாம்ப்பில் கொலம்பஸ் தொலைநோக்கி வழியாகப் பார்க்கிறார். தொலைநோக்கி வருவதற்கு அவர் இறந்து நூறு வருடம் ஆக வேண்டும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இணையத்தில் 'ஐன்ஸ்டைன் 12 ஸ்டாம்ப் 99 ரூபாய்' என்று வருவதில் பாதி, அந்த நாட்டுத் தபால் நிலையத்தில் ஒரு நாளும் விற்காதவை, சில அந்த நாட்டுக்கே தெரியாமல் அச்சடித்தவை. பளபளவென்று, மூலையில் கச்சிதமாகக் கால் வட்டம் முத்திரை விழுந்து, பின்பக்கம் பசை அப்படியே இருந்தால், அது எந்தக் கடிதத்திலும் ஏறாமல் அச்சகத்திலேயே முத்திரை வாங்கியது. மகள் ரசிக்கலாம், நடுவர் ரசிக்க மாட்டார். அப்புறம் அந்த 2008 அமெரிக்க ஸ்டாம்ப், 2005இல் வந்த ஃபைன்மன் ஸ்டாம்ப் எல்லாம் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுபவை, பழைய_ஆல்பம் ஐயா சொன்ன தண்ணீர் வைத்தியம் அதற்கு ஒத்துவராது. உறையோடு சுற்றி ஓரம் விட்டு வெட்டி அப்படியே வையுங்கள்.

---

திண்டிவனத்தான்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. நேற்று ராத்திரி பதினொன்று வரை வீட்டில் எல்லாத் தட்டிலும் தண்ணீர், சாப்பாட்டுக்கு வாழை இலை. பாபா, சாராபாய், ஐன்ஸ்டைன் மூவரும் நலமாகக் கரையேறினார்கள். ராமனுக்கு ஓரத்தில் ஒரு பல் போனது.

புதுவை ஐயா, நீல ஸ்டாம்ப் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதால் தேடியதில், மேரி க்யூரி 20 பைசாவுக்கு அடியில் இன்னொரு ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது தண்ணீரில் ஊறியதும் தெரிந்தது. பிரெஞ்சில் எழுத்து, ஒரு கோவில் மாதிரி படம், விலை 'காஷ்' என்று. விஞ்ஞானி யாரும் இல்லை. அப்பா ஏன் அதன் மேல் க்யூரியை ஒட்டினார் என்று அம்மாவிடம் கேட்டேன், "இடம் இல்லாம இருந்திருக்கும்" என்றார்.

மகள் தலைப்பு முடிவு செய்துவிட்டாள்: ராமானுஜனின் பாஸ்போர்ட் படத்தில் தொடங்கி, போஸ் எதிரே மார்க்கோனி, நடுவில் கோரி அம்மாள், கடைசியில் குமாரசுவாமி. என் பிளேடு பட்ட ராமானுஜனைத்தான் முதல் தாளில் வைப்பாளாம், கீழே "அப்பா செய்த பிழை" என்று எழுதப் போகிறாள். தடுத்துப் பார்த்தேன். கோரி ஸ்டாம்ப்பும் இலங்கை ஸ்டாம்ப்பும் கையில் இல்லை, பிப்ரவரிக்குள் கிடைக்குமா? 1962 ராமானுஜன் இன்னொன்று கிடைத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

---

பழைய_ஆல்பம்:

சென்னை வந்தால் அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் பிலாட்டலி பீரோ, அதாவது ஸ்டாம்ப் சேகரிப்பவர்களுக்கான பிரிவு, இருக்கிறது, அண்மையில் வந்த இந்திய ஸ்டாம்ப் அங்கே முகவிலைக்கே கிடைக்கும், பழசு கிடைக்காது. 200 ரூபாய் கட்டிக் கணக்குத் தொடங்கினால் புதிதாக வருவதெல்லாம் வீட்டுக்கே வரும், மகளுக்குப் பிடித்துவிட்டால் அதைச் செய்யுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு அஞ்சல் துறையின் ஸ்பர்ஷ் உதவித்தொகையும் உண்டு, வருடத்துக்கு 6000 ரூபாய், ஒரு தேர்வு எழுத வேண்டும், இந்தக் கண்காட்சிக்குச் செய்யும் வேலை அதற்கும் ஆகும்.

1962 ராமானுஜன் என்னிடம் நாலு இருக்கிறது, யூஸ்டு, ஒன்று அனுப்புகிறேன், காசு வேண்டாம். முகவரியைத் தனிச் செய்தியில் போடுங்கள், இங்கே பொதுவில் எழுதாதீர்கள். அந்தக் காஷ் ஸ்டாம்ப்பை மட்டும் இனிமேல் எதன் அடியிலும் ஒட்டாதீர்கள்.

---

வல்வைப்_பெடியன்:

குமாரசுவாமி என்னிடம் இரண்டு உண்டு. எனக்கும் தனிச் செய்தியில் முகவரி போடுங்கள் அண்ணை, சாதாரணத் தபாலில் போட்டால் வந்து சேர மூன்று வாரமாவது ஆகும், அதனால் இந்தக் கிழமைக்குள்ளேயே, உங்கள் கணக்கில் இந்த வாரத்துக்குள், சொல்லுங்கள்.